உளிக்கும் ஓர் இருக்கை!

கடல் கடந்து, அமெரிக்க மண்ணிலே, ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலே தமிழுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று குரல் எழுந்தபோது நாமெல்லாம் எப்படிப் பூரித்தோம்! 60 இலட்சம் டாலர் தேவை என்றார்கள். உலகெங்கும் வாழும் தமிழர் அள்ளித் தந்தனர். தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018இல் நிதி நிறைந்தது. இருக்கை என்றால் நான்கு காலும் ஒரு முதுகுப் பலகையும் கொண்ட நாற்காலியா? அல்ல. "உன்னிடம் உள்ளது அறிவு என்பதை ஒப்புக்கொள்கிறோம், வா, அமர், எம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு" என்று அறிஞர் அவை விடுக்கும் அழைப்பு அது.

ஹார்வர்டிலே தமிழுக்கு இருக்கை கேட்ட நாம், இன்று இன்னோர் இருக்கை கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம். ஏழு கடலுக்கு அப்பால் அல்ல. இங்கே, கல்வராயன் மலையின் காலடியிலே, கோமுகி ஆறு இறங்கி வந்து வயலை நனைக்கும் வடக்கனந்தல் வட்டாரத்திலே, கள்ளக்குறிச்சிச் சீமையிலே! கேட்பது மொழிக்காக அல்ல, உளிக்காக!

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலத்துக்கோ செல்லும் தோழர்கள் அறிவார்கள், அங்கே பட்டறைகளில் உளி எழுப்பும் ஓசையை. மரத்துண்டு ஒன்று மண்ணிலே கிடக்கிறது. விறகுக்காரன் பார்த்தால் அடுப்பு நினைவுக்கு வரும். சிற்பி பார்க்கிறான்: உள்ளே ஒரு நாட்டியக்காரி ஒளிந்திருப்பதைக் காண்கிறான், மேலே மூடியிருக்கும் மரத்தைச் செதுக்கி நீக்கி அவளை வெளியே அழைத்து வருகிறான். இந்தக் கைத்திறனுக்கு 2021ஆம் ஆண்டு 'கள்ளக்குறிச்சி மரச் சிற்பம்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! மட்டற்ற மகிழ்ச்சி!

ஆனால் எண்ணிப் பாருங்கள். முத்திரை எதன் மீது விழுந்தது? சிற்பத்தின் மீது. சந்தைக்குச் செல்லும் சரக்கின் மீது. அதைச் செய்தவனுக்கு? மரத்தின் ஈரம் எவ்வளவு, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் உளியைச் சாய்த்தால் பிளக்கும், எந்த இடத்தில் சாய்த்தால் இணங்கும் என்று விரல் நுனியிலே விஞ்ஞானம் வைத்திருக்கிறானே, அவன் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் வாயிலிலே போய் நின்றால் என்ன கேட்பார்கள்? "நாற்காலி செய்து கொண்டு வந்தாயா, பெரியவரே? அந்தப் பக்கம் இறக்கி வை" என்பார்கள். நாற்காலி செய்யலாம், நாற்காலியிலே அமரத்தான் கூடாது!

இதைத்தான் இந்த வாரம் பேச விழைகிறேன்.

ஊர்தோறும் ஒரு பெயர்ப்பலகை காண்கிறோம்: 'அரசு கலை அறிவியல் கல்லூரி' என்று. கலை என்ற சொல் முன்னே நிற்கிறது; முதல் மரியாதை அதற்குத்தான்! உள்ளே சென்று தேடுங்கள். பொருளாதாரம் இருக்கும், வரலாறு இருக்கும், வணிகவியல் இருக்கும், எல்லாம் வேண்டியவைதாம். ஆனால், கூத்து எங்கே? பறை எங்கே? உளி எங்கே? தூரிகை எங்கே? ஆண்டு விழா அன்று மாலை 5 மணிக்கு மேடையேறி, 9 மணிக்கு இறங்கி, அடுத்த ஆண்டு வரை அலமாரியிலே பூட்டி வைக்கப்படும் பண்டமாக இருக்கிறது கலை. கலைக் கல்லூரியிலே கலை விருந்தாளி. அதுவும் ஒரு வேளை உண்டு விட்டு வெளியேற வேண்டிய விருந்தாளி!

அதைவிட வேடிக்கை, மேலே இருக்கும் பெரிய வீட்டின் பெயர். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயரோ இருக்கட்டும். தமிழன் வைத்த பெயர் பல்கலைக் கழகம். பல கலைகள் கூடும் கழகம்! பெயர் வைத்த தமிழனுக்குத் தெளிவு இருந்தது. இயற்பியலும் கலை, இசையும் கலை, மருத்துவமும் கலை, மரச் செதுக்கும் கலை. எல்லாம் ஒரு பந்தியிலே அமர வேண்டும் என்று அவன் எண்ணினான். நாமோ பந்தியிலே சுவர் எழுப்பினோம். விஞ்ஞானத்துக்குத் தலைவாழை இலை. கலைக்குத் திண்ணையிலே கையேந்தல்.

"கற்பனையிலே பேசுகிறாய், கலை வேறு, விஞ்ஞானம் வேறு, இரண்டையும் இணைப்பது எப்படி?" என்று கேட்போர் உளர். நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். மேடையிலே பாடம் கற்றவன். ஆகவே பட்டம் பெற்ற பெரியோர்களையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

முதல் சாட்சி இளங்கோ. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி ஆட வருமுன்னே, மேடைக்கு அளவு சொல்கிறான் புலவன். நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல்; கோல் ஒன்றுக்கு இருபத்து நான்கு பெருவிரல் அளவு. தூணின் நிழல் ஆடுபவள் மீது விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. கட்டடக் கணக்கும் ஒளியியலும் கலந்த பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது! அந்தக் காவியத்தை எழுதியவன் கலைக் கல்லூரியா, பொறியியற் கல்லூரியா என்று எவரேனும் சொல்ல முடியுமா?

இரண்டாவது சாட்சி, தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் பிறந்த அவர் சித்த மருத்துவர். மூலிகைத் தோட்டம் வளர்த்தவர். நோயாளியின் நாடியைப் பிடித்த அதே விரலால் வீணை நரம்பையும் தொட்டார். 1912 முதல் தஞ்சையிலே சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதி எத்தனை என்ற வழக்கிலே, 'பெரியோர் சொன்னார்கள்' என்று கைகட்டி நிற்காமல், எண்ணையும் அளவையும் சாட்சிக்கு அழைத்து வாதாடினார். மருத்துவன் இசைக்கு என்ன செய்வான் என்று கேட்பவர்கள் அந்த நூலைத் தூக்கிப் பார்க்கட்டும். அதன் எடையே விடை சொல்லும்!

மூன்றாவது சாட்சி, ஈழம் தந்த விபுலாநந்தர். 1892இல் காரைதீவிலே பிறந்தவர். இலண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வென்றவர். ஒரு கையில் இயற்பியல், மறு கையில் இலக்கணம்! 1931இல் சிதம்பரத்திலே, அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்து அமர்த்தியது இந்த விஞ்ஞானப் பட்டதாரியைத்தான். அவர் என்ன செய்தார்? மறைந்து போன யாழைத் தேடிப் புறப்பட்டார். கண்ணால் கண்டவர் இல்லை. காதால் கேட்டவர் இல்லை. ஏட்டிலே பெயர் மட்டும் இருந்தது. அரங்கேற்று காதையையும் கணிதத்தையும் துணைக்கு வைத்துக் கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அதே ஆண்டு மறைந்தார். கணக்கு மட்டும் தெரிந்தவன் யாழைத் தேடியிருக்க மாட்டான். தமிழ் மட்டும் தெரிந்தவன் கண்டிருக்க மாட்டான். இரண்டும் ஓர் உள்ளத்தில் கூடியதால்தான், ஊமையாகிப் போன யாழ் மீண்டும் பேசிற்று.

நான்காவது சாட்சியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பொருளாதாரமும் அரசியலும் படித்து முதுகலைப் பட்டம் பெற்ற காஞ்சித் தலைவன், அந்தப் பொருளாதாரத்தை எங்கே கொண்டு போய்ச் சேர்த்தான்? 'வேலைக்காரி'யிலே! வட்டியும் வாரமும் உழைப்பும் சுரண்டலும் புள்ளிவிவரமாக இருந்தவரை படித்தவனுக்கு மட்டும் புரிந்தன. மேடையிலே பாத்திரங்களாக நடந்து வந்தபோது பாமரனும் பற்களைக் கடித்தான்! இன்று அவன் பெயரை நெற்றியிலே தாங்கி நிற்பது எது? 1978இல் அமைந்த பொறியியற் பல்கலைக் கழகம். வாயிலிலே நாடக ஆசிரியனின் பெயர்; உள்ளே பொறியியல் படிக்கும் பிள்ளையின் பாடத்திட்டத்திலே நாடகத்துக்கு எத்தனை மணி நேரம்? கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

நான்கு சாட்சிகள் போதும். ஆனால் வழக்கு இங்கே முடியவில்லை; இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால், சுவரைத் தாண்டிய இந்தப் பெரியவர்கள் எல்லோரும் தம் சொந்தக் காலின் வலிமையால் தாண்டினார்கள். சுவர் அப்படியேதான் நிற்கிறது. யார் தாண்ட முடியவில்லை என்று பார்த்தால்தான், அந்தச் சுவர் எந்தச் செங்கல்லால் கட்டப்பட்டது என்பது விளங்கும்.

சர். சி. வி. இராமன் 1920இல் 'நேச்சர்' என்னும் உலகப் புகழ் விஞ்ஞான இதழிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரணத் தோல் கருவியிலே மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாகச் சிதறும்; நம் மிருதங்கத்திலோ அவை இசைவாகக் கூடி நிற்கின்றன; காரணம், வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு என்று ஆராய்ந்து காட்டினார். உலகம் வியந்தது, வியக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பூச்சை அங்கே வைத்தவன் யார்? கல்லை இடித்துப் பொடியாக்கி, சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து, ஒவ்வொரு படலத்துக்கும் தட்டிப் பார்த்துக் காதால் அளந்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று நிறுத்தினானே, அவன் யார்? தோலைத் தொட்டதால் தொடக்கூடாதவன் என்று ஊர் ஒதுக்கி வைத்தவன்! அவன் செய்த மிருதங்கம் சபைக்குள் சென்றது. அவன் வெளியே நின்றான். மிருதங்கத்தைப் பற்றிய விஞ்ஞானம் பல்கலைக் கழகத்துக்குள் சென்றது. அங்கேயும் அவன் வெளியேதான் நின்றான்.

கையால் செய்பவன் தாழ்ந்தவன், கையைக் கட்டிக் கொண்டு ஓதுபவன் உயர்ந்தவன் என்று வகுத்த அந்தப் பழைய ஏற்பாடுதான், தோழர்களே, கலைக்கும் மற்ற இயல்களுக்கும் நடுவே நிற்கும் சுவர்! அதற்குப் 'பாடப் பிரிவு' என்று புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது வருணாசிரமச் செங்கல். அந்தச் சுவரை இடிக்க வந்த இயக்கம், அது கல்லூரிக்குள் நின்றாலும் இடிக்க வேண்டாமா?

இங்கே, நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி, நெருப்பிலே பிறந்த கேள்வி. "உளியையும் பறையையும் கல்லூரிக்குள் கொண்டு வா என்கிறாயே, இது குலக்கல்வி அல்லவா? 1953இல் ஆச்சாரியார், பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்றபோது நம் இயக்கம் களம் காணவில்லையா? 1954இல் அந்தத் திட்டம் குழிக்குள் போகும் வரை ஓய்ந்தோமா? இன்று கைத்தொழிலைப் புகழ்ந்து நீ பாடுவது அந்தக் குழியைத் தோண்டுவதாகாதா?"

கேள்வி கேட்ட தோழனின் கையைப் பற்றிக் கொள்கிறேன். விழிப்போடு இருக்கிறான், இருக்கத்தான் வேண்டும். ஏனெனில் குழிக்குள் போனது அவ்வப்போது வேறு வேடம் புனைந்து வருகிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சனிடமும் குயவனிடமும் அனுப்பச் சொல்கிறது. 2023இல் வந்த விசுவகர்மா திட்டம், 18 வயதிலேயே பரம்பரைத் தொழிலுக்குக் கடன் தருகிறேன் வா என்றது. 18 வயது எந்த வயது? கல்லூரி வாயிலிலே கால் வைக்கும் வயது! அந்த வயதிலே கையில் கடனைத் திணித்துப் பட்டறைக்குத் திருப்பி அனுப்புவதை ஏற்க மாட்டோம் என்று 2024இல் தமிழக அரசு மறுத்தது. 35 வயது நிறைந்தவர்க்கு, குலம் கேளாமல் உதவும் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. சரியான மறுப்பு, சரியான மாற்று.

ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? அவர்கள் 'பல்துறைக் கல்வி' என்ற சொல்லை உச்சரித்து விட்டார்கள் என்பதற்காக, இளங்கோவும் பண்டிதரும் விபுலாநந்தரும் நமக்கு விட்டுச் சென்ற சொத்தை நாம் எழுதிக் கொடுத்து விடுவதா?

வேறுபாட்டைச் சொல்கிறேன். குலக்கல்வி என்பது, சிற்பியின் மகனைப் பிடித்துச் சிற்பத்திலே கட்டிப் போடுவது. நாம் கேட்பது, சிற்பத்தின் கட்டையே அவிழ்த்து விடுவது! குலக்கல்வியில் பிள்ளை பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போகிறான். நாம் கேட்பதிலே பட்டறை ஆசான், ஆசானாகவே, கல்லூரிக்குள் வருகிறான். அங்கே கற்பவர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிறது. இங்கே விருப்பம் முடிவு செய்கிறது. சிற்பியின் மகள் இயற்பியல் படிக்கட்டும். பண்ணையாரின் மகன் உளி பிடித்துக் கையில் காய்ப்பு ஏறட்டும். மலையிலிருந்து இறங்கி வந்த பெண் கூத்துக் கட்டி அரசனாக ஆடட்டும். ஒரு தொழில் எல்லோர் கைக்கும் வந்து விட்டால் அது குலத்தொழில் என்ற பெயரை இழக்கிறது. கலை என்ற பெயரைப் பெறுகிறது. ஆகவே இது குலக்கல்விக்குப் பிறந்த பிள்ளை அல்ல. அதற்கு வைக்கும் கொள்ளி!

இரண்டாவது கேள்வி வீட்டிலிருந்து வரும். கரும்பு வெட்டி, மரவள்ளி நட்டு, வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோரிடமிருந்து வரும். "இது சோறு போடுமா?" என்று கேட்பார்கள். ஏளனம் செய்ய வேண்டாம். பசித்தவனின் கேள்விக்குத்தான் முதல் பதில் தர வேண்டும்.

குமரி முனைக்குச் செல்லுங்கள். கடல் நடுவே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. 7000 டன் கல்! 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்து வைக்கப்பட்ட அந்தச் சிலையை வடித்தவர் கணபதி ஸ்தபதி; மாமல்லபுரத்திலே 1957இல் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப் பேரலை எழுந்து வந்து அடித்தது. வள்ளுவர் அசையவில்லை. காற்றின் விசையும் கல்லின் கனமும் அறியாத உளி அப்படி ஒரு சிலையை நிறுத்துமா? இடுப்பை வளைத்து நிற்கும் ஒயிலை, வெறும் கட்டடக் கணக்கு தருமா? இரண்டும் கூடிய இடத்திலே வேலையும் உண்டு, ஊதியமும் உண்டு, உலகப் புகழும் உண்டு. மரத்தை அறிந்த சிற்பியோடு, பொறியியல் கற்ற பிள்ளையும் வணிகவியல் கற்ற பிள்ளையும் சேர்ந்து நின்றால், கள்ளக்குறிச்சிச் சிற்பத்தின் விலையை இடைத்தரகன் அல்ல, செய்தவனே முடிவு செய்யும் காலம் வரும். அது சோறு போடாதா?

சோற்றையும் தாண்டி உயிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. சொல்ல நா தழுதழுக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2024 சூன் மாதம், நம் கள்ளக்குறிச்சியிலே, கருணாபுரத்திலே, நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரே தெருவிலே அடுத்தடுத்த வீட்டிலே பிணம். குற்றவாளிகளுக்குத் தண்டனையும், காவலின் ஓட்டையை அடைப்பதும் ஆட்சியின் கடமை. அதற்கு வேறெதுவும் ஈடாகாது. ஆனால் இதையும் எண்ணுங்கள். மெத்தனால் உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, கண்ணின் நரம்பைத் தாக்குகிறது, பார்வை மங்குவது ஆபத்தின் அடையாளம், அதற்கு மாற்று மருந்து உண்டு, தாமதம்தான் எமன் - இத்தனையும் வேதியியல் வகுப்புக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரிக்குத் தெரியும். தெரிய வேண்டிய தெருவுக்குத் தெரியாது!

அந்தத் தெருவுக்கு மொழி இல்லையா? உண்டு. தென்னார்க்காட்டுச் சீமை முழுதும் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து உண்டு. கட்டியங்காரன் திரையை விலக்கிக் கொண்டு வந்து ஒரு கேலி பேசினால், உறங்குகிறவனும் எழுந்து உட்காருவான். பாரதத்தைப் பதினெட்டு இரவு சொல்லி, எழுத்தறியாத மக்களின் நெஞ்சிலே நூற்றுக்கணக்கான பாத்திரங்களை நிறுத்தியவன் அவன். அவனும் வேதியியல் ஆசிரியனும் ஒரு முறை ஒரே பலகையில் உட்கார்ந்து பேசியிருந்தால்? ஒரே பாடத்தை இருவரும் மாணவர்க்குச் சொல்லி, மாணவர் அதைத் தெருவுக்குக் கொண்டு போயிருந்தால்? எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று கணக்குச் சொல்ல நான் துணிய மாட்டேன். ஒன்றே ஒன்று பிழைத்திருந்தாலும் அந்தப் பலகை தங்கப் பலகை என்றுதான் சொல்வேன்.

இப்படி இருவரை ஒரே பலகையில் அமர்த்துவது நடக்கிற காரியமா என்று ஐயுற வேண்டாம். நடந்திருக்கிறது. ஜெர்மனியில் வைமார் நகரில் 1919இல் 'பவுஹவுஸ்' என்றொரு கல்விச்சாலை பிறந்தது. அங்கே தொடக்க ஆண்டுகளில் பட்டறைக்கு ஆசான் ஒருவர் அல்லர், இருவர்: ஓவியம் அறிந்த ஒருவர், கைவினை அறிந்த ஒருவர். உலகின் கட்டடங்களையும் நாற்காலிகளையும் மாற்றி அமைத்தது அந்தச் சிறு பள்ளி. 1933இல் அதை மூட வைத்தவர்கள் யார் தெரியுமா? நாஜிகள்! அமெரிக்காவில் வெசுலியன் பல்கலைக் கழகம், 1960களில், நம் நாட்டியப் பேரரசி பாலசரசுவதியையும் மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனையும் அழைத்துத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தது. "பட்டத் தாளைக் காட்டு" என்றா கேட்டது? ஆட்டத்தைப் பார்த்தது, அடியைக் கேட்டது, அமரச் சொன்னது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1981இல் தஞ்சையில் அமைந்த தமிழ்ப் பல்கலைக் கழகத்திலே கலைப் புலமும் அறிவியல் புலமும் ஒரு கூரையின் கீழ் வைக்கப்பட்டன. 1929இல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே இசையும் பொறியியலும் வேளாண்மையும் ஒரே வளாகத்தில் வாழ்கின்றன. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் இணைந்திருப்பதும் அந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடுதான். விஞ்ஞானப் பட்டதாரியைத் தமிழ்ப் பேராசிரியராக்கிய வீடு அது! அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம் நம் ஊர்க் கல்லூரிகள். பாட்டன் சொத்தைப் பேரன் கேட்பது பேராசை ஆகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிப்பவனுக்கும் வணிகவியல் படிப்பவனுக்கும் ஒரு கலைப் பாடம், விழாவுக்கு அல்ல, மதிப்பெண்ணுக்கு. அதைப் போலவே கலை பயில்பவனுக்கு ஓர் அறிவியல் பாடம். ஒருவழிப் பாதை வேண்டாம்.

இரண்டு: அந்தப் பாடத்தை நடத்த இருவர். மரச் சிற்பியும் இயற்பியல் ஆசிரியரும். கூத்து வாத்தியாரும் வேதியியல் ஆசிரியரும். இருவருக்கும் ஒரே மேசை. மணிக்கு ஒரே ஊதியம். 2022இல் பல்கலைக் கழக மானியக் குழு, பட்டம் இல்லாதவரையும் 'நடைமுறைப் பேராசிரியர்' ஆக்கலாம் என்று விதி வகுத்தது. நல்ல கதவு, ஆனால் அதன் நிலைப்படியில், 15 ஆண்டு அனுபவம், அதுவும் முடிந்தவரை உயர் பொறுப்பிலே, என்று எழுதி வைத்தார்கள். கூத்தாடிக்கு உயர் பொறுப்பு எது? அர்ச்சுனன் வேடமா, துரியோதனன் வேடமா? கம்பெனி நிர்வாகி குனியாமல் நுழைகிற கதவிலே கலைஞன் தலை இடிபடக் கூடாது. வேலையைப் பார்த்து அழைக்கும் விதியை நாம் வகுப்போம்.

மூன்று: மலையை மறவாதீர்கள். 1947இல் நாடு விடுதலை பெற்றது. கல்வராயன் மலையிலோ 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கோல் நீண்டு கிடந்தது. அந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம் சாமையும் தினையும் விளைவிக்கும் அறிவு உண்டு. இலையையும் வேரையும் பெயர் சொல்லி அழைக்கும் அறிவு உண்டு. அவற்றைச் சுமந்து வரும் பாட்டு உண்டு. தாவரவியல் துறை மலைக்கு ஏறட்டும். ஆனால் இலையை மட்டும் பறித்துக் கொண்டு இறங்க வேண்டாம். பாட்டையும் கேட்கட்டும், பாடியவரின் பெயரை ஆராய்ச்சி ஏட்டிலே எழுதட்டும், பாடியவரின் பேத்தி அந்தத் துறையிலே மாணவியாக அமரட்டும். இல்லையேல் அதற்கும் ஜாகீர் என்றுதான் பெயர்.

இவற்றை யார் கேட்பது? பேராசிரியர் கேட்கட்டும் என்று நாம் காத்திருந்தால், காலம் நம்மைக் காத்திராது. கிளைக் கழகத் தோழனே, நீ கேள்! உன் படிப்பகத்திலே அடுத்த ஞாயிறன்று ஒரு சிற்பியை அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொல். கல்லூரியில் படிக்கும் உன் தம்பியையும் தங்கையையும் அழைத்து வந்து கேட்கச் சொல். கூத்து வாத்தியார் உன் ஊரில் இருந்தால், மாலை சூட்டி மேடையை விட்டு இறக்கி விடாதே. அவர் சொல்வதை எழுதி வை. பிறகு மனுவோடு போ: சட்டமன்ற உறுப்பினரிடம் போ, கல்லூரி முதல்வரிடம் போ, பல்கலைக் கழக ஆட்சிக் குழுவிடம் போ. படிப்பகத்தில் தொடங்கியது பாடத்திட்டத்தில் ஏறும் வரை போய்க் கொண்டே இரு. நம் இயக்கமே அப்படித்தானே வளர்ந்தது! முடிதிருத்தும் கடையிலே செய்தித்தாள் படித்த பேச்சு, சட்டமன்றத்திலே சட்டமாக வந்து நின்றதே!

"எந்தக் கையும் தாழ்ந்த கை அல்ல" என்று மேடையிலே முழங்குவது எளிது, முழங்கி இருக்கிறோம். அந்தக் கை கரும்பலகையில் எழுதும் நாளிலேதான் முழக்கம் மெய்யாகும். கள்ளக்குறிச்சிச் சிற்பி எத்தனையோ பேருக்கு நாற்காலி செய்து கொடுத்து விட்டான். அவனுக்கு ஒன்று செய்து கொடுக்க வேண்டிய முறை, தோழர்களே, நம்முடையது!